எஸ்.கே. டிராக்டர் கை தூக்கிய நாள்

அன்று வாய்மொழித் தேர்வில் இருந்தவர்கள்:

சார். சிதம்பரம் ஆபீசில், பெரிய லேப்டாப் முன்னால்.

கடலூர் மேடம். மஞ்சக்குப்பத்தில் அவர் வீட்டில். வெளித் தேர்வாளர்.

நான். சாருக்கு இடது பக்கம், சின்ன லேப்டாப்பில்.

வளர்மதி. அண்ணாகிராமம் பக்கம்.

நூர்ஜஹான். பரங்கிப்பேட்டை.

ஜோதி. குமராட்சி பக்கம்.

இன்னும் மூன்று பெண்கள். மூவரும் கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

எஸ்.கே. டிராக்டர். அது யார் என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

ஆபரேட்டர் வேலைக்குப் புதிதாக நாலு பேர் வந்திருக்கிறீர்கள். நான் போன மாதத்தோடு நின்றுவிட்டேன். வந்தவர்களுக்கு ஏதாவது சொல்லிவிட்டுப் போங்கள் என்று ஆபீசில் கேட்டார்கள். எனக்குப் பேச வராது. எழுதித் தருகிறேன் என்றேன். எட்டாவது வரைதான் படிப்பு. பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பட்டனை எங்கே அழுத்துவது என்று நான் சொல்லப்போவதில்லை. அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். மாதம் ஒருமுறை பட்டன் இடம் மாறிக்கொண்டும் இருக்கிறது. நான் சொல்ல வந்தது வேறு.

இதற்கு முன்னால் இருபத்தாறு வருஷம் கடலூரில் மைக் செட் ஓட்டினேன். கல்யாணம், காது குத்து, கட்சிக் கூட்டம், பள்ளிக்கூட ஆண்டு விழா. ஒரு மேடை, ஒரு மைக். மைக் கொய்யென்று கத்தினால் மேடையில் இருப்பவர் என்னைத்தான் பார்ப்பார். கீழே ஆயிரம் பேர் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் என்னைப் பார்த்ததில்லை. நானும் அவர்களைப் பார்த்ததில்லை. மேடையில் இருப்பவர் கோபப்பட்டால் என் பிழைப்பு போகும். கீழே இருப்பவர் கோபப்பட்டால் ஒன்றும் ஆகாது. அப்படிப் பழகியவன் நான். அந்தப் பழக்கத்தோடுதான் இந்த வேலைக்கு வந்தேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஊரடங்கில் மைக் செட் முடங்கியது. ஆம்ப்ளிஃபயரில் எலி கூடு கட்டியது. அப்போது சார் கூப்பிட்டார். அவர் பயிற்சி மையத்து ஆண்டு விழாவுக்கு நான்தான் மைக் போடுவேன். "ராஜாங்கம், இனிமே கிளாஸ் எல்லாம் போன்லதான். எனக்குப் பாடம் நடத்தத் தெரியும். இந்த மைக்கைத் தொறக்கறது மூடறது எல்லாம் எனக்கு ஆவாது. நீங்க வந்துடுங்க" என்றார். வந்துவிட்டேன். ஊரடங்கு முடிந்தும் வகுப்பு போனிலேயே நின்றுவிட்டது. நானும் இங்கேயே தங்கிவிட்டேன்.

மழலையர் பள்ளி ஆசிரியர் பயிற்சி. ஒரு வருஷப் படிப்பு. வகுப்புக்கு நாற்பது பேர். எல்லோரும் பெண்கள். தையல் தைப்பவர், நடவுக்குப் போகிறவர், பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை பார்ப்பவர். புருஷன் போன், மாமியார் போன், அண்ணன் போன் என்று கிடைத்த போனில் வருவார்கள். திரையில் அவர்கள் பேர் இருக்காது. "அப்பா நியூ" என்று இருக்கும். "பாலு எலெக்ட்ரிகல்ஸ்" என்று இருக்கும். பாலு எலெக்ட்ரிகல்ஸ் என்றால் ஒரத்தூர் பரமேஸ்வரி. பழகப் பழகத் தெரிந்துவிடும்.

எனக்கு இந்த வேலையைக் கற்றுக் கொடுத்தது ஒரு பெண். அதற்கு வயது இருபத்திரண்டு. எனக்கு அப்போது ஐம்பத்தி மூன்று. என்னை மாமா என்று கூப்பிடும். மூன்று வாரம் கற்றுக் கொடுத்துவிட்டுச் சென்னைக்கு வேலைக்குப் போய்விட்டது. போகும்போது நீல அட்டை போட்ட நோட்டு ஒன்றை மேஜை டிராயரில் வைத்துவிட்டுப் போனது. யாராவது சந்தேகம் கேட்கத் திரையில் கைப் படத்தைத் தூக்கினால், அந்தக் கையை இறக்குவதற்கு முன்னால் பேரும் நேரமும் இதில் எழுதும். வகுப்பு முடிந்ததும் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு என்னம்மா என்று கேட்கும்.

"இறக்கறதுக்கு முன்னாடி எழுதிக்குங்க மாமா. மறந்துடும்."

"எனக்கு எழுத்து மெதுவாத்தான் வரும்மா."

"மெதுவா எழுதுங்க. யாரு இன்னா ஓடியா போறாங்க?"

சரி என்றேன். எழுதவில்லை. நான் ஒரு பேர் எழுதி முடிப்பதற்குள் சார் நாலு வரி தாண்டிவிடுவார். நோட்டு டிராயரிலேயே கிடந்தது.

முதல் தப்பு அண்ணாகிராமத்து வளர்மதி விஷயத்தில் நடந்தது. வகுப்பு நடக்கிறது. எல்லோர் மைக்கும் மூடியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். திடீரென்று ஒரு குரல். வளர்மதியின் மாமியார்.

"முந்திரிக்கொட்டை மூட்டை மூட்டையா கெடக்குது. இவ போனைப் பாத்து ஆடிக்கிட்டு உக்காந்திருக்கா. டீச்சராவப் போறாளாம், டீச்சரு. உன் மூஞ்சிக்கு எந்த ஸ்கூல்லடி கூப்புடறான்?"

"கத்தாதீங்க அத்தை. கிளாஸ்ல கேட்டுடப் போவுது."

கேட்டுவிட்டது. நாற்பது வீட்டிலும் கேட்டுவிட்டது. நான் பட்டியலில் வளர்மதி பேரைத் தேடுகிறேன். பேசுகிறவர் பேர் மேலே குதிக்கும், அடுத்த பேர் கீழே இறங்கும். அரை நிமிஷம் ஆனது. மாமியார் அதற்குள் வளர்மதியின் அம்மா வீடு வரைக்கும் போய்விட்டார். வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

வளர்மதி நாலு நாள் வகுப்புக்கு வரவில்லை.

சார் என்னைத் திட்டவில்லை. "இனிமே எல்லா மைக்கும் பூட்டியே இருக்கட்டும். நாம தொறந்தாத்தான் தொறக்கணும்" என்றார். பூட்டினேன். அது சரி என்றுதான் நினைத்தேன். இப்போதும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன்.

அடுத்தது நூர்ஜஹான். பரங்கிப்பேட்டைப் பெண். வீட்டுக்காரர் வெளிநாட்டில். இரண்டு பிள்ளைகள். வாய் சும்மா இருக்காது. மைக்கைப் பூட்டிவிட்டோம் அல்லவா, திரை ஓரத்து சாட்டில் எழுத ஆரம்பித்தார். ஒருநாள் சார் குழந்தை வளர்ச்சி பற்றி மூச்சு விடாமல் ஒரு மணி நேரம் பேசினார். நடுவில் சாட்டில் வந்து விழுந்தது:

"சார் ஒரு மடக்கு தண்ணி குடிங்க. நீங்க குடிச்சா நாங்களும் குடிச்சிக்கிறோம்."

முப்பது சிரிப்பு மூஞ்சி வரிசையாக வந்தது. நானும் சிரித்துவிட்டேன். சார் திரும்பிப் பார்த்தார்.

"சிரிப்பு வருதா? சாட்டை மூடுங்க."

மூடினேன். மறுநாள் பட்டியலில் புதிதாக ஒரு பேர் நின்றது. "மூடிய வாய்." நூர்ஜஹான்தான். தன் பேரை மாற்றிக்கொண்டு வந்திருந்தார். சார் கண்ணில் பட்டுவிட்டது. "பேரு மாத்தறதையும் மூடுங்க" என்றார். அதையும் மூடினேன்.

சாயங்காலம் நூர்ஜஹான் எனக்குப் போன் செய்தார். "மாமா, சார் கோச்சுக்கிட்டாரா?"

"கோச்சுக்கிட்டாரு."

"ஒரு மணி நேரம் செவுரு மாதிரி உக்காரணும்னா எப்புடி மாமா? செவுத்துக்கு ரெண்டு புள்ளைங்க இருக்கா?"

நாளைக்குச் சீக்கிரம் வந்துடும்மா என்று சொல்லி வைத்துவிட்டேன்.

சார் கெட்டவர் இல்லை. இதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். காலை பத்து மணிக்கு ஆரம்பித்தால் சாயங்காலம் ஐந்து வரை பேசுவார். தொண்டை கட்டிப் போகும். எதிரே ஆள் இல்லை, தலையாட்டல் இல்லை. சின்னச் சின்னக் கட்டம். அதில் பாதி கறுப்பு. கறுப்புக் கட்டத்தைப் பார்த்து நாள் முழுக்கப் பேசினால் யாருக்கும் எரிச்சல் வரும். எனக்கு அவரைப் பார்த்தால் பாவமாகத்தான் இருக்கும்.

மைக் மூடியாகிவிட்டது. சாட் மூடியாகிவிட்டது. பேர் மாற்றுவது மூடியாகிவிட்டது. பாக்கி இருந்தது கை. திரையில் வரும் மஞ்சள் கை. அதற்கும் ஒருநாள் வந்தது. "நான் பேசும்போது இந்த மஞ்சக் கை எல்லாம் மூஞ்சிக்கு நேரா நிக்குது. பேச்சு மறந்து போவுது ராஜாங்கம். வந்தா இறக்கி வுடுங்க. கடைசியில சந்தேகம் கேக்க நேரம் குடுக்கறேன்" என்றார்.

அன்றிலிருந்து கை வந்தால் இறக்குவேன். வரும், இறக்குவேன். வரும், இறக்குவேன். கொசு அடிப்பது மாதிரி ஆகிவிட்டது. யாருடைய கை என்று பார்ப்பதுகூட நின்றுபோனது. கடைசியில் சந்தேகம் கேட்க நேரம் மிஞ்சியது சில நாள்தான்.

இனி ஜோதி.

முதல் வகுப்பில் சார் எல்லோரையும் ஏன் சேர்ந்தீர்கள் என்று கேட்டார். அப்போது மைக் பூட்டவில்லை. ஜோதி சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. "சிதம்பரத்துல ஒரு நர்சரி ஸ்கூல்ல ஆயாவா இருக்கேன் சார். மூக்கு தொடைக்கிறேன், ஒண்ணுக்குக் கூட்டிட்டுப் போறேன். மிஸ் போன் பேசும்போது ரைம்ஸ் கூட நான்தான் சொல்றேன். எல்.கே.ஜி. மிஸ் கல்யாணமாகிப் போறாங்க. ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள சர்டிபிகேட் கொண்டாந்தா அந்த கிளாஸ் உனக்குத்தான்னு பெரிய மிஸ் சொல்லியிருக்காங்க. இல்லன்னா வேற ஆள் பாத்துடுவாங்க."

வயது முப்பத்தி நாலு. வாய்மொழித் தேர்வில் தவறினால் மறு தேர்வு அடுத்த வருஷம்தான். அதற்குள் எல்.கே.ஜி.க்கு வேறு ஆள் வந்துவிடும். அவ்வளவுதான் விஷயம். அவருக்கு அது பெரிது.

தேர்வு அன்று சனிக்கிழமை, காலையில். நாற்பது பேரைக் குழு குழுவாகப் பிரித்திருந்தோம், அன்றைக்கு ஆறு பேர். ஆளுக்கு ஐந்து நிமிஷம். மூன்று கேள்வி. கேமரா திறந்திருக்க வேண்டும். பேர் கூப்பிட்டதும் நான் மைக்கைத் திறப்பேன். நாலு மணிக்குள் மார்க் பட்டியல் தலைமை ஆபீசுக்குப் போக வேண்டும். மணி அடித்தால் தொந்தரவு என்று ஆபீஸ் போன் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்திருந்தோம். என் போனை அணைத்திருந்தேன். தேர்வு நேரத்தில் அது வழக்கம்.

வளர்மதி பேசினார். நூர்ஜஹான் பேசினார். மற்ற மூவரும் பேசினார்கள். ஆறாவது ஜோதி. நடுவில் உள்ளே வர இரண்டு மூன்று பேர் காத்திருப்பதாகக் காட்டியது. லைன் போய் லைன் வருவது சகஜம். பேரைப் படிக்காமல் எல்லோரையும் சேர்த்து உள்ளே விட்டேன்.

ஜோதி முகம் திரையில் இருந்தது. கண் கொஞ்சம் கீழே. உதடு மூடியிருந்தது. பின்னால் கொடியில் துணி. மைக்கைத் திறக்கச் சொல்லி அனுப்பினேன்.

"ஜோதி, முதல் கேள்வி. கேக்குதாம்மா?" என்றார் சார்.

பதில் இல்லை.

"ஜோதி?"

"பயப்படாதீங்கம்மா. தெரிஞ்சதைச் சொல்லுங்க" என்றார் கடலூர் மேடம்.

முகம் அப்படியே இருந்தது. அப்போது பட்டியலில் ஒரு மஞ்சள் கை எழுந்தது. எஸ்.கே. டிராக்டர். கறுப்புக் கட்டம். இறக்கினேன்.

"சரி, ரெண்டாவது கேள்வி. வகுப்புல ஒரு பிள்ளை வாயே தொறக்கல. நீங்க டீச்சர். இன்னா பண்ணுவீங்க?"

டிராக்டர் கை. இறக்கினேன்.

"பாத்துக்கிட்டே இருக்கு மேடம். வாயத் தொறக்க மாட்டேங்குது."

டிராக்டர் கை. இறக்கினேன். மறுபடி கை.

"யாரு ராஜாங்கம் அது, டிராக்டர்? உழவு ஓட்ட வந்திருக்கானா இங்க?"

"தெரியல சார். நம்பர் மாறி வந்துட்டாங்க போல."

"இறக்குங்க."

இறக்கினேன். ஏறியது. இறக்கினேன்.

ஒன்று சொல்ல வேண்டும். ஜோதிக்குப் பின்னால் தொங்கிய துணி மற்ற நாளில் ஆடும். அன்று ஆடவில்லை. நான் பார்த்தேன். காற்று இல்லை போல என்று நினைத்துக்கொண்டேன். பார்க்காமல் விட்டது இல்லை. பார்த்துவிட்டு யோசிக்காமல் விட்டது.

மூன்றாவது கேள்விக்கும் பதில் இல்லை. டிராக்டர் கை மட்டும் நிற்கவில்லை.

"தள்ளுங்க வெளிய" என்றார் சார்.

தள்ளினேன். நிச்சயமா என்று ஒரு பெட்டி கேட்கும். ஆமாம் என்று அழுத்தினேன். தள்ளிவிட்ட போன் அந்த வகுப்புக்குத் திரும்பி வர முடியாது. அது உங்களுக்குத் தெரியும்.

"பேசலன்னா நான் இன்னா பண்றது மேடம்? மார்க்கை வானத்துலேர்ந்தா எடுத்துப் போட முடியும்?"

"பாவம். சரி, பதில் இல்லைன்னு போடுங்க சார்."

சார் போட்டார். கொஞ்ச நேரத்தில் ஜோதியின் கட்டம் தானாக மறைந்தது. "வெக்கப்பட்டு ஓடிடுச்சு" என்றார். தேர்வு முடிந்தது. போன் ரிசீவரை எடுத்து மேலே வைத்தேன்.

ஒன்றே கால் மணிக்கு வாசலில் ஒரு பெண் வந்து நின்றார். முழங்கால் வரைக்கும் சேறு காய்ந்திருந்தது. மினி பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"ஹோஸ்ட் சார் யாருங்க?"

திரையில் என் பேருக்குப் பக்கத்தில் ஹோஸ்ட் என்றுதான் வரும். "நான்தாம்மா."

"நான்தாங்க டிராக்டர்."

எனக்கு உடனே புரியவில்லை. முகத்தைப் பார்த்தேன். ஜோதி.

நின்றபடியே சொன்னார். தேர்வுக்குக் கொஞ்ச நேரம் முன்னால் போன் அப்படியே நின்றுவிட்டது. அணையவும் இல்லை, அசையவும் இல்லை. போனைத் திண்டிலேயே போட்டுவிட்டு வயலுக்கு ஓடியிருக்கிறார். மச்சான் முறை ஆகும் ஒருவர் அங்கே டிராக்டரில் சேறடித்துக்கொண்டிருந்தார். வண்டியை நிறுத்தச் சொல்லி அவர் போனை வாங்கியிருக்கிறார். வகுப்பு நம்பர் தினமும் ஒன்றுதான், மனப்பாடம். உள்ளே வந்தாகிவிட்டது. எங்கள் பேச்சு எல்லாம் கேட்கிறது.

"நான் உள்ள வந்துட்டேன். சார் ஜோதி ஜோதின்னு கூப்புடறாரு. மைக் பூட்டியிருக்கு. எழுதலாம்னா எழுத முடியல. பேரு மாத்தலாம்னா மாத்த முடியல. கேமரா அந்த போன்ல எங்க இருக்குன்னே தெரியல. ஆபீசுக்குப் போட்டா எங்கேஜ். உங்களுக்குப் போட்டா ஆஃப். கை மட்டுந்தான் இருந்துச்சு. தூக்கினேன். எறங்குது. தூக்கினேன். எறங்குது. எங்க மச்சான் பயந்துட்டாரு. இன்னாடி ஜோதி இது, நீ தூக்கறே, அது எறங்குது, எம் போன்ல பேய் கீய் பூந்துக்கிச்சான்னு கேக்குறாரு."

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

"பேயா சார் எறக்குச்சு?"

"நான்தாம்மா எறக்கினேன்."

அப்போது என் வாய்க்கு ஒரு வார்த்தை வந்தது. சார் சாப்பிடறாரு, திங்கக்கிழமை வாங்க. வந்தது. சொல்லியிருந்தால் நாலு மணிக்குப் பட்டியல் போயிருக்கும். திங்கட்கிழமை யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. என் வேலைக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. அந்த வார்த்தை உங்கள் வாய்க்கும் ஒருநாள் வரும்.

"உள்ள வாங்க" என்றேன்.

சார் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்திருந்தார்.

"சார், அந்த டிராக்டர் இவுங்கதான்."

"எந்த டிராக்டர்? இது யாரு?"

"ஜோதி சார்."

"ஜோதி உள்ளதானே இருந்துச்சு? நான் பாத்தேனே."

"அது நின்னுபோன படம் சார். போன் மாட்டிக்கிச்சு. இவுங்க வேற போன்ல வந்து கை தூக்கியிருக்காங்க. நான் எறக்கிட்டேன்."

சார் ஜோதியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "எத்தினி தடவை தூக்கினாங்க?"

"நாலஞ்சு தடவை இருக்கும் சார்."

"நாலஞ்சு தடவை தூக்கினா, ஒரு தடவை யாருன்னு கேக்க வேணாமா நீங்க?"

நீங்கதானே சார் இறக்கச் சொன்னீங்க என்று சொல்லியிருக்கலாம். அது உண்மை. மைக், சாட், பேர், கை எல்லாம் பூட்டச் சொன்னது அவர்தான். ஆனால் அதைச் சொன்னால் அது சாருக்கும் எனக்கும் சண்டையாகிவிடும். ஜோதி ஓரத்தில் நின்று எங்கள் சண்டையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நாலு மணியும் ஆகிவிடும்.

"கேட்டிருக்கணும் சார்" என்றேன்.

"மேடம் சரின்னு சொல்லிப் பட்டியல் போட்டாச்சு. இப்ப மாத்தினா, நாளைக்கு ஆளாளுக்கு வந்து போன் நின்னுடுச்சும்பாங்க. உங்க தப்புன்னு எழுதிக் குடுப்பீங்களா?"

"குடுக்கறேன் சார்."

உட்கார்ந்து எழுதினேன். மூன்று வரி. எனக்குக் கால் மணி நேரம் ஆனது. சார் சாப்பிட்டு முடித்துவிட்டார். ஜோதி சுவரோரம் நின்றுகொண்டே இருந்தார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுக் கேட்டேன்.

"மேடத்துக்கு ஒரு போன் போடலாமா சார்?"

"நான் கேக்க மாட்டேன். வேணும்னா நீங்க போடுங்க."

ஆபரேட்டர் தேர்வாளருக்குப் போன் போடுவது வழக்கமே இல்லை. போட்டேன். நடந்ததைச் சொன்னேன். "ரெக்கார்டிங் இருக்கா?" என்றார் மேடம்.

"இருக்கு மேடம். என் ஸ்கிரீன் முழுசாப் பதிஞ்சிருக்கு."

"போடுங்க. பாக்கலாம்."

போட்டேன். கடலூரில் மேடம் பார்க்கிறார். இங்கே நாங்கள் மூவரும் பார்க்கிறோம். இடது பக்கம் ஜோதி முகம். துணி ஆடவில்லை. இப்போது பார்த்தால் நன்றாகத் தெரிகிறது, அது படம். வலது பக்கம் பட்டியல். கை எழுகிறது. என் மவுஸ் அம்பு போகிறது. கை இறங்குகிறது. கை எழுகிறது. அம்பு போகிறது. வேறு ஒன்றும் இல்லை அதில். நடுவில் சாரின் குரல் வந்தது. உழவு ஓட்ட வந்திருக்கானா இங்க.

"நிறுத்துங்க ராஜாங்கம்" என்றார் சார்.

"இல்ல. ஓடட்டும்" என்றார் மேடம்.

ஓடியது. தள்ளுங்க வெளிய என்பது வரைக்கும் ஓடியது. ஜோதி எங்களுக்குப் பின்னால் நின்றிருந்தார். சார் திரும்பாமலே, "உக்காருங்கம்மா" என்றார். அதுவரைக்கும் அவரை யாரும் உட்காரச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

"எனக்கு நேரம் இருக்கு. இப்பவே கேட்டுடலாம்" என்றார் மேடம்.

ஆபீசில் நல்ல கேமரா சாரின் லேப்டாப்பில்தான். சார் எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார். ஜோதி சேற்றுக் காலோடு நுனியில் உட்கார்ந்தார். நான் மைக்கைத் திறந்தேன்.

முதல் கேள்விக்குச் சரியாகச் சொன்னார். இரண்டாவது கேள்வி அதேதான். வாயே திறக்காத பிள்ளை.

"பேசு பேசுன்னு சொல்ல மாட்டேன் மேடம். எங்க ஸ்கூல்ல ஒண்ணு இருக்கு. சேந்து ஆறு மாசம் ஆச்சு, பேசினதே இல்ல. தண்ணி வேணும்னா என் முந்தானையை ஒரு தடவை இழுக்கும். ஒண்ணுக்கு வந்தா ரெண்டு தடவை. மிஸ்ஸு அதை ஊமைன்னு நெனச்சுக்கிட்டு இருக்காங்க. அது பேசிக்கிட்டுதான் மேடம் இருக்கு."

மேடம் ஏதோ எழுதினார். சார் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது கேள்விக்கு, "தெரியாது மேடம்" என்றார். மேடம் அதையும் எழுதிக்கொண்டார்.

நாலுக்கு இருபது நிமிஷம் இருக்கும்போது பட்டியல் போனது. ஜோதி பாஸ். பள்ளிக்கூடம் திறந்ததும் எல்.கே.ஜி. அவருக்குத்தான் கிடைத்தது. நான் எழுதிக் கொடுத்த காகிதம் ஃபைலில் இருக்கிறது. சார் அதை அப்புறம் எடுத்ததும் இல்லை, கிழித்ததும் இல்லை.

அடுத்த வாரம் சார் சாட்டைத் திறக்கச் சொன்னார். மைக்கைத் திறக்கச் சொல்லவில்லை. பேர் மாற்றுவதைப் பற்றிப் பேச்சே இல்லை. திறந்த ஐந்தாவது நிமிஷம் நூர்ஜஹான் எழுதினார்: "சார் தண்ணி குடிச்சீங்களா?" சார் படித்தார். பாட்டிலை எடுத்துக் குடித்தார். அவ்வளவுதான் மாறியது. அதற்குமேல் எதிர்பார்க்காதீர்கள். உங்கள் காலத்தில் வேறு சார் வருவார். அவருக்கும் தொண்டை கட்டும். அவரும் மூடச் சொல்வார். சொன்னால் மூட வேண்டியதுதான். அது நம் வேலை. எல்லாவற்றையும் மூடிவிட்டால் உள்ளே இருப்பவருக்கு என்ன பாக்கி என்று மட்டும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு எல்லாப் பேரும் ஒரே மாதிரி தெரியும். கண் எரியும். அப்போதுதான் நம் கை தானாக அவர்கள் கையை இறக்கும். எனக்கு அப்படித்தான். தேர்வு அன்று காலையிலேயே அப்படி ஆகிவிட்டது.

தேர்வுக்குப் பிறகு அந்த வருஷம் பதினோரு வகுப்பு பாக்கி இருந்தது. சர்டிபிகேட்டுக்கு வருகை வேண்டும். ஜோதி எல்லாவற்றுக்கும் வந்தார். தன் பேரிலேயே, புது போனில் வந்தார். கேமரா திறந்திருக்கும். நான் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு காத்திருப்பேன். சார்கூட இரண்டு தடவை, "ஜோதிக்கு ஏதாவது சந்தேகம் இருக்கா?" என்று கேட்டார். மைக்கைத் திறந்தேன். "இல்லைங்க சார்" என்றார். கை ஒரு தடவைகூட ஏறவில்லை.

அந்த நீல நோட்டு டிராயரில் இருக்கிறது. முதல் சில பக்கம் அந்தப் பெண் எழுதியது. அப்புறம் நிறையப் பக்கம் வெறுமையாக இருக்கும். அது நான் எழுதாத காலம். கிழித்துவிடாதீர்கள். அதற்குப் பிறகு என் எழுத்து. கோணலாக இருக்கும். பேர், நேரம், எதற்குத் தூக்கினார், கேட்டாயிற்றா இல்லையா. இறக்குவதற்கு முன்னால் எழுதுங்கள். மெதுவாக எழுதினாலும் பரவாயில்லை.

சாரிடம் நாலைந்து தடவை என்று சொன்னேன். பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நினைத்திருந்தேன். அன்று ஜோதி பஸ் ஏறிப் போன பிறகு ரெக்கார்டிங்கை மறுபடி ஓட்டினேன். கை இறங்கும்போதெல்லாம் ஒரு கோடு போட்டேன். நோட்டில் என் முதல் பக்கம் அதுதான். ஜோதி, குமராட்சி என்று எழுதி, கோடுகளைக் கூட்டிப் பக்கத்தில் போட்டேன்.

பத்தொன்பது.